விழிஞ்ஞம் தர்காவில் பாதிக் கதை

1953. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினோம். விழிஞ்ஞத்துக்குப் பத்து மைல். கூட வந்தவன் மீரான். ஆரியசாலையில் நாங்கள் வேலை பார்க்கும் வத்தல் கடையில் அவன் மூட்டை தூக்குபவன். நான் மூட்டைமேல் உட்கார்ந்து அவனைக் கேலி செய்பவன்.

வாப்பா இறந்தபின் அவனும் அண்ணனும் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு வள்ளம், மீரானுக்கு வலை. அதிலிருந்து பேச்சில்லை, இருவருமே கடலுக்குப் போவதுமில்லை. அண்ணன் இன்று தர்காவுக்கு வருவார் என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

"பேசிருவியாலே?"

"காக்கா மொதல்ல பேசட்டும்."

"செரி, ரெண்டுபேரும் மொறைச்சுக்கிட்டு இருங்க. நெய்ச்சோறை நான் பாத்துக்கிடுதேன்."

பத்து மணிக்குத் தர்கா. கடலை ஒட்டிய சின்னக் கட்டடம். அங்கே ஒரு வழக்கம்: கதை சொல்பவர் பாதியில் நிறுத்திவிடுவார், கேட்பவர்களில் ஒருவர் முடிக்க வேண்டும். அதுவரை சோற்றுச் சட்டி திறக்காது. அன்று சொன்னவர் தேங்காய்ப்பட்டணத்துக் கயிறு வியாபாரி. இந்தக் கரைக்கு முதல் தடவையாக வந்தவர்.

இரண்டு பக்கீர்கள், ஒரே விளக்கு. விளக்கு யாருடையது என்று காட்டு வழியில் சண்டை. பங்கு போட்டார்கள். ஒருவன் எண்ணெயை எடுத்துக்கொண்டான், மற்றவன் திரியை. இருட்டில் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்.

நிறுத்திவிட்டார். எனக்கோ பசி, கேட்டுவிட்டேன்.

"தீப்பெட்டி யாருகிட்ட இருந்துச்சு, சாயிபே?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "அதை அவங்க தேடவே இல்லியே, பிள்ளே."

மீரானும், எதிரே இருந்த அவன் அண்ணனும் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்களை அறியாத மனிதர் அந்த வள்ளத்தையும் வலையையும் எங்கே கண்டார்?

மீரான் எழுந்தான்.

"எண்ணெய் வச்சிருந்தவன் விளிச்சான்."

"என்னான்னு?" கேட்டது அண்ணன்.

"காக்கா, ஒண்ணும் தெரியல்ல, இங்ஙன வாங்கன்னு."

அண்ணன் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார். "திரிக்காரன் பக்கத்துலதான்டா நின்னான். இருட்டுல நீ பாக்கல, கேட்டியா."

சட்டி திறந்தது. தின்ற வேகத்தில் பக்கத்து இலையில் யார் இருந்தார் என்றுகூட எனக்கு நினைவில்லை.

மூன்று மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். மீரான் அண்ணனோடு தங்கிவிட்டான். எங்கள் வீட்டில் கதை சொன்னால் முடிவையும் நீதியையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். கேட்டுக் கொட்டாவி விட்டுப் படுத்துவிடுவேன். இங்கே ஒரு கதை முடிவதைக் கண்ணால் பார்த்தேன்.