ஜித்தா அறையில் கடல் இருந்த பக்கம்

விடுதித் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு: மற்றவர்கள் சந்தோஷமாக இருக்க வருகிற இடத்தில் அவன் வேலை செய்ய வேண்டும். நீங்களும் எங்காவது ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, அறைப் பூட்டின் திறப்பை எடுத்து நீட்டி, கக்கூசு எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொன்னவராக இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்தது கல்முனையில், கடற்கரை மைதானத்தை ஒட்டியிருந்த கப்பல் லொட்ஜில். முதலில் அது காசிம் காக்காவின் நெல்லுக் களஞ்சியம். சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அங்கே மறுபடி நெல் மூட்டை அடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இளமையில் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். நீளமாக, ஒடுக்கமாக, யன்னல் ஒன்றுமில்லாமல் நின்ற அந்தக் கட்டடத்தைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அது அவருக்குக் கப்பலாகவே தெரிந்துவிட்டது. தட்டுக் கட்டில் போட்டார். நடைவழியில் கைபிடிக்கக் கயிறு கட்டினார். தேத்தண்ணி நேரத்துக்கு மணி அடிக்கச் சொன்னார். அறைகளுக்கு ஜித்தா, பினாங்கு, ரங்கூன், ஏடன் என்று துறைமுகப் பெயர்கள். யன்னல் இல்லாத குறை தெரியாமல் இருக்க, ஒவ்வோர் அறையிலும் ஒரு சுவரில் வட்ட யன்னலையும் அதற்குள் நீலக் கடலையும் பெயின்டில் வரைவித்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்துக்குக் கார்னிவல் வரும். ராட்டினம், மரணக் கிணறு, வளையம் எறிகிற கடைகள், விடிய விடியப் பாட்டு. உள்நாட்டு ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பார்கள். எங்கள் கப்பல் அவர்களை நம்பித்தான் நின்றது. ஆனால் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒரு பயம் இருந்தது. கார்னிவலுக்குப் பக்கத்தில் லொட்ஜ் என்றால் குடியும் சூதும் வந்து இடம்பிடித்துவிடும் என்ற பயம். பள்ளியின் தலைவரான மரைக்கார் காசிம் காக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: குடும்பங்களுக்கு மட்டும் அறை கொடுக்க வேண்டும், இந்தக் கார்னிவல் முடிகிறவரை பார்ப்போம், ஒரு சொல் கேட்க வந்தாலும் மூடிவிட வேண்டும். பள்ளி வேண்டாமென்ற வாசலை எங்கள் ஊரில் ஒருவரும் மிதிக்கமாட்டார்கள். நெல்லும் போய்க் களஞ்சியமும் போன காக்காவுக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கப்பல் ஒன்றுதான்.

மீன் இல்லாத கடல்

மரைக்கார் முதல் தடவை சுற்றிப் பார்க்க வந்தபோது சுவர்க் கடல்களுக்குள் மீன்கள் நீந்தின. மேலே பறவைகள் பறந்தன. உயிருள்ளதன் உருவத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு இந்த அறைக்குள் எப்படித் தொழுகிறது என்று கேட்டார். அவர் படியிறங்கிப் போன கையோடு காக்கா பெயின்டரைக் கூட்டி வந்தார். பின்னேரத்துக்குள் எல்லா மீனும் நீலத்துக்குள் போய்விட்டது. பெயின்டருக்குத்தான் மனம் ஆறவில்லை. செதில் செதிலாக வரைந்தவை.

எங்கள் குசினிக்கு மீன் கொண்டுவருகிறவர் சாய்ந்தமருது சலீம் காக்கா. அந்தப் பருவம் கடல் அவருக்குக் கைகொடுக்கவில்லை. கூடையில் பாதிக்கு மேல் இலைதான் இருக்கும். ஏடன் அறை திறந்து கிடந்ததைப் பார்த்து எட்டிப்பார்த்தவர், கூடையை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் நின்றார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்:

"நல்லாத்தான் வரைஞ்சிரிக்கான் தம்பி. நான் நாளைக்கு வலை போடப் போற கடல் இதுதான்."

சம்மாந்துறையில் இறங்க வேண்டியவர்

ராட்டினத்தில் ஏறிவிட்டு நேரே கட்டிலுக்கு வருகிறவர்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதை நான் ரங்கூன் அறையில்தான் படித்தேன். சம்மாந்துறையிலிருந்து ஒரு ராத்தா, இரண்டு பிள்ளைகளோடும் புருஷனோடும் வந்திருந்தார். பிள்ளைகள் அழுதார்கள் என்று அவரும் ராட்டினத்தில் ஏறியிருக்கிறார். இறங்கி வந்தவர் எங்கள் நடைவழிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்துத்தான் அறைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கயிறு அலங்காரத்துக்குக் கட்டியது. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு வேலை கிடைத்தது.

கீழ்க் கட்டிலில் சாய்ந்தவருக்கு மேல் கட்டிலில் பிள்ளைகள் குதிக்கக் குதிக்கத் தலை இன்னும் சுற்றியது. கண்ணைத் திறந்தால் எதிரில் கடல். நான் தேசிக்காய்த் தண்ணியோடு போய் நின்றேன். புருஷன் விசிறிக்கொண்டே, இது கட்டடம்தான் புள்ள, அசையாது என்று அவரை நம்பவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தா அவரைக் கணக்கெடுக்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கெஞ்சினார்:

"தம்பி, சம்மாந்துறை வந்தாக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க, நான் இறங்கிடுறன்."

பினாங்கு

எங்கள் கட்டில் விரிப்புகள் மருதமுனைத் தறியில் நெய்தவை. நெய்து கொண்டுவருகிறவர் ஐம்பது வயதுக்குக் கிட்டிய ஒரு மாமி, அதிகம் கதைக்கமாட்டார். புது விரிப்பை அறைக்கு அறை தானே விரித்துப் பார்த்து, ஓரம் இழுபடுகிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கு ஒவ்வோர் அறையாக முடித்துக்கொண்டு வந்தவர், ஒரு கதவுக்கு முன்னால் நின்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பினாங்கு என்றேன்.

அவருடைய புருஷன் கலியாணம் முடித்த புதிதில் பினாங்குக்குப் போனவர் என்பதை எங்கள் குசினிக்கார அலியார் காக்கா பிறகுதான் எனக்குச் சொன்னார். கொஞ்சக் காலம் கடிதம் வந்ததாம். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வாயால் சலாம் வந்ததாம். பிறகு அதுவும் இல்லையாம். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. மாமி விரிப்பை விரித்தார்; தடவிப் பார்க்கவில்லை. கட்டிலில் இருந்து நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கைநீட்டினால் எதிர்ச்சுவரைத் தொடலாம், அவ்வளவுதான் அறை. எழும்பும்போது, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் என்னைக் கேட்டார்:

"இவ்வளவு சின்ன இடமா தம்பி? இதுக்குள்ளயா அந்த மனிசனுக்கு வெளிய வாற வழி தெரியாமப் போச்சு?"

சுவரில் ஓடுகிறவர்

குடும்பங்களுக்கு மட்டும் அறை என்பது கேட்க லேசான சட்டம். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற ஆள் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து நின்றபோதுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. மரைக்கார் பயந்தது கார்னிவல் ஆட்களுக்கு. கொடு என்று சொன்னது குடும்பத்துக்கு. இவர் இரண்டுமாக வந்து நிற்கிறார். காசிம் காக்கா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். குழந்தை கொட்டாவி விட்டது. ஏடன் திறப்பை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

சத்தமில்லாத மனிதர். அவர் உள்ளே ஓடுகிற நேரம் மனைவி வெளியே டிக்கட் கிழித்துக்கொண்டு நிற்பார். ஒருநாளும் ஏறிப் பார்ப்பதில்லையாம். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதுமாம். காலையில் நான் தேத்தண்ணி கொண்டுபோனால், மனைவியும் குழந்தையும் கீழ்க் கட்டிலில் இருப்பார்கள், அவர் நிலத்தில் பன்பாயில் படுத்திருப்பார். மேல் கட்டில் சும்மா கிடக்கும். கிணற்றுச் சுவரில் ஓடுகிற ஆளுக்கு மேல் கட்டில் உயரமா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்:

"ஓடிக்கிட்டு இருந்தா விழமாட்டேன் தம்பி. படுத்தாத்தான் பயம்."

கடலுக்கு முதுகு

இறக்காமத்துப் போடியார் ஒருவர், வயல் நிலம் நிறைய உள்ளவர், வந்தார். யானை மிதித்தது போக மிஞ்சிய நெல்லை வெட்டி வீடு சேர்த்த ஆறுதலில், மனைவி, மகள், பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். அறைப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். ஜித்தா என்றதும் மற்றதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு போகமும் ஹஜ்ஜுக்கென்று எடுத்து வைப்பாராம். ஒவ்வொரு போகமும் ஏதாவது ஒன்று வந்து அதைத் தின்றுவிடுமாம். அவர் மரைக்காரின் தங்கையைக் கட்டியவர் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மச்சான் வீட்டில் போய் இறங்கினால் பிள்ளைகளைக் கார்னிவலுக்கு விடமாட்டார் என்றுதான் எங்களிடம் வந்திருக்கிறார்.

கிப்லா எந்தப் பக்கம் என்று போடியார் கேட்டார். எங்கள் கரையில் எல்லாரும் சொல்வதைத்தான் காசிம் காக்காவும் சொன்னார்: கடலுக்கு முதுகைக் கொடுங்க. எங்களுக்குக் கடல் கிழக்கே, கிப்லா மேற்கே. அலைக்கு முதுகு காட்டி நின்றால் தொழுகைக்குத் திசை சரி. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அறைகளில் அம்புக்குறி எதுவும் போடவில்லை. ஆனால் ஜித்தா அறையில் பெயின்டர் கடலை வரைந்திருந்தது மேற்குச் சுவரில். காக்காதான் அப்படிக் கேட்டிருந்தார். ஜித்தாவுக்குப் போகிற கப்பல் மேற்கே போகாமல் வேறு எங்கே போகும்?

யன்னல் இல்லாத அறை, அந்தியில் மஃரிப் தொழுகை நேரம், சுவரில் பளபளவென்று கடல். போடியார் அதற்கு முதுகைக் கொடுத்து, குடும்பத்தைப் பின்னால் நிறுத்தித் தொழுவித்தார். இரவு இஷாவும் அப்படியே. மனைவிக்கு மட்டும் அலைச் சத்தம் எதிர்ப்பக்கம் கேட்பது போல ஒரு சந்தேகம். இந்த ஒலிபெருக்கிக்குள் உனக்கு அலை கேட்குதா என்று அவரை அடக்கிவிட்டாராம். இருட்டோடு சுபஹும் முடிந்தது. விடியும்போது பிள்ளைகள் கடல் பார்க்க இழுத்தார்கள். நான் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர்கள் தொழுத திசையிலேயே நடந்தார்கள். அந்தத் திசையிலேயே கடல் வந்தது. அதற்குள்ளிருந்து சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. போடியார் மணலில் நட்டுவைத்தது போல நின்றார். அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்:

"நான் சொல்லல்லயா? அலையிட வாய்க்குள்ள நிண்டு தொழுதிரிக்கம்."

மரைக்கார் வந்த பின்னேரம்

போடியார் நேரே பள்ளிக்குப் போய் மௌலவியிடம் கேட்டார். திசை பிழைத்ததையெல்லாம் திருப்பித் தொழுங்கள் என்று மௌலவி சொன்னார். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் மரைக்கார். சொல்லாமல் ஊருக்குள் வந்த மச்சானையும், கப்பல் லொட்ஜின் குறையையும் அவர் ஒரே இடத்தில் பிடித்துவிட்டார்.

அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் இருவரும் ஒன்றாக வந்தார்கள். குசினியில் சட்டிச் சத்தம் நின்றது. காசிம் காக்கா எழும்பி நின்று, ஆணியில் தொங்கிய திறப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தார். வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. மரைக்கார் ஜித்தாவுக்குள் போனார், சுவரைப் பார்த்தார், சாமானைக் கட்டுங்க, வீட்டுக்குப் போவம் என்று தங்கையிடம் சொன்னார். மூடுவதைப் பற்றி அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

போடியார் கட்டிலில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டார். பிழைத்தது இந்த அறையில், திருப்பித் தொழுகிறதும் இந்த அறையில்தான், இன்றைக்கும் அறை வேணும் என்றார். மரைக்காருக்குக் கோபம் வந்தது. திசை காட்டத் தெரியாத இடத்தில் இன்னொரு நாளா என்று கேட்டார். போடியார் குரலை உயர்த்தவில்லை. "மச்சான், எனக்கு ஒருத்தரும் பொய் சொல்லல்ல. இந்த மனிசன் கப்பல நேரா ஜித்தாக்குத்தான் விட்டிரிக்கார். நான்தான் அத விட்டுட்டுக் கடல நம்பினன்."

அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். மரைக்காரின் தங்கை சாமான் கட்டவில்லை. மருதமுனை விரிப்பு ஒன்றை எடுத்துச் சுவர்க் கடலை மூடிக் கட்டினார். அதற்கு நேராகப் பாயை விரித்தார். போடியார் எழும்பி, மச்சானை முன்னுக்கு நிற்கச் சொன்னார். இந்த முறையாவது திசை தெரிந்த ஆள் தொழுவிக்கட்டும் என்றார். மரைக்கார் பாயையும் பார்த்தார், தங்கையையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். நடைவழிவரை வரிசை நீண்டது. கடைசியில் நானும் அலியார் காக்காவும் நின்றோம். மரைக்கார் தொழுவித்த இடத்தைக் கெட்ட இடம் என்று இனி யார் சொல்ல? தொழுது முடித்து வெளியே வந்தவர், மேசையில் கிடந்த திறப்புகளைக் காசிம் காக்காவின் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"கடல மட்டும் அங்கால மாத்துங்க காசிம். கப்பல் எங்க போனாலும் நமக்குக் காரியமில்ல."

அடுத்த கிழமையே கடல் கிழக்குச் சுவருக்கு மாறியது. கப்பல் ஜித்தாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காக்கா வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். போடியார் அடுத்த கார்னிவலுக்கும் வந்தார். அந்த அறையைத்தான் கேட்டார்.

விடுதி நடத்துவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பாயையும் தேத்தண்ணியையும் கொடுத்துவிட்டு, வந்தவர் முதுகு காட்டுகிற பக்கத்தில் உண்மையான கடல் இருக்கிறதா என்று மட்டும் ஒருதரம் பார்த்துக்கொண்டால் போதும்.