சாரல் விழாவில் ஒரு வீடியோ கால்

கடையநல்லூரில் கல்யாண வீடுகளுக்கு டிஜே போட்டுக்கொண்டிருந்தவர் என் கணவர். இப்போது துபாயில் ஏசி மெக்கானிக். போன சீசனில், குற்றாலம் சாரல் விழாவுக்கு எலக்ட்ரானிக் இசைக்குழு ஒன்று வருகிறது என்றதும், "ஏட்டி, எனக்கும் காட்டு" என்று கெஞ்சினார்.

நெஞ்சு அதிரும் சத்தத்துக்கு நடுவே வீடியோ காலில் அவரை அழைத்தேன். முன்னால் நின்றவர்கள் மறைத்ததால், ஐந்து வயது மகள் ஆயிஷாவின் கையை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் போனை மேடைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பாட்டு முடிந்து குனிந்தால் பிள்ளையைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏங்க, ஆயிஷாவக் காணோம்" என்று போனில் அழுதேன்.

"என்னட்டி சொல்லுத? மேடைக்குக் கீழ, ஸ்பீக்கர் பக்கத்துலல்லா ஆடுதா. இவ்வளவு நேரமும் நீ அவளத்தான் காட்டுதன்னு நெனச்சேன்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். சாரலில் நனைந்தபடி, கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தாள், அப்படியே அவள் வாப்பாவைப் போல.

இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்திலும் என் ஒரு கை பிள்ளையைப் பிடித்தே இருக்கும். மறு கையிலுள்ள போனையும் அவள் பக்கமே திருப்புகிறேன். மேடையைக் காட்டச் சொல்லி அவர் கேட்பதே இல்லை.