கொட்டகையில் ஆள் படுக்கக் கூடாது

மாமாவின் ஆறு மாடுகளுக்கும் சட்டப்படி இடம் கிடைத்தபோதுதான், அவற்றைக் கறக்கிற மனிதருக்கு இருந்த இடம் போனது. போன இடத்துக்குப் பதிலாக அவர் வந்து சேர்ந்தது எங்கள் வீட்டு நடையில். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசியதாக நினைவில்லை.

சிங்கப்பூர் அப்போது வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தது. அம்மாவின் அண்ணனான என் மாமா, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கறவை மாடுகள் வைத்திருந்தார். தேக்கா வட்டாரத்தில் பாதிக் காப்பிக்கடைகளுக்குத் தன் பால்தான் போகிறது என்பார். அது மாமா சொல்கிற பாதி. மாடுகளைக் கறப்பது, குளிப்பாட்டுவது, புல் போடுவது, சாணி அள்ளுவது எல்லாம் ஒரே ஆள். பால்காரர் என்றுதான் அவரை எல்லாரும் சொல்வோம். பெண்சாதி பிள்ளைகள் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தார்கள். அவர் தூங்கியது கொட்டகைக்குள்ளேயே, மாடுகளுக்கு நேர் மேலே அடித்திருந்த ஒரு பலகைப் பரணில். ஏணி வைத்து ஏறவேண்டும். கீழே செவலைப் பசு அசைபோடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கலாம். எட்டு வயதில் எனக்கு அந்தப் பரண்மேல் கொள்ளை ஆசை.

ஒருநாள் காலை நானும் அம்மாவும் பால் வாங்கப் போயிருந்தபோது சுகாதார அதிகாரி வந்தார். ஒரு சீனர். கூடவே, பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழ்க் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. அளவுநாடாவைப் பிடித்து மாட்டுக்கு மாடு இடைவெளி பார்த்தார்கள். பற்றாது. தரை மண்தரை, கூடாது. காற்று வர வழியில்லை, கூடாது. மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு அதிகாரி அண்ணாந்து பரணைப் பார்த்தார். மேலே யார் படுக்கிறார்கள் என்று கேட்டார்.

"யாரும் இல்லீங்க. புண்ணாக்கு மூட்டை அடுக்கி வெச்சிருக்கேன்" என்றார் மாமா.

அம்மா பால் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "புண்ணாக்கு மூட்டை பனியன் போட்டுக்குமா, அண்ணே?" என்றாள்.

பரணின் விளிம்பில் கிழிந்த பனியன் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கிராணி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மொழிபெயர்க்காமல் இருக்க முடியவில்லை. மாடு கட்டுகிற இடத்தில் ஆள் படுக்கக் கூடாது, வேலையாளுக்கு முதலாளி தனி இடம் கொடுக்கவேண்டும், மறுபடி வந்து பார்க்கும்போது இப்படியே இருந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மாமா சட்டத்தை மதித்தார். மதித்த அழகு இதுதான்: தரைக்குச் சிமெண்டு போட்டார், சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார், குழாய் இழுத்தார், ஏழு மாடுகளில் ஒன்றை விற்று இடைவெளி உண்டாக்கினார். பால்காரர் விஷயத்தில் பரணைப் பிரித்துப் போட்டதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். ஆள் எங்கே படுப்பார் என்று அம்மா கேட்டபோது, "வாய விட்டது நீதானே? நீயே வெச்சுக்க" என்றார்.

அப்படித்தான் பால்காரர் ஒரு பாயோடும் தகரப் பெட்டியோடும் எங்கள் நடைக்கு வந்தார். அவரோடு கொட்டகை வாசனையும் வந்தது. விடியுமுன்னே எழுந்து தாழ்ப்பாளைத் திறப்பார். தம்பி முழித்துக்கொண்டு அழுவான். அப்பா புரண்டு படுத்து, "ஊர்ல உள்ள சட்டமெல்லாம் நம்ம வீட்டு நடையிலதான் வந்து நிக்கணுமா?" என்பார். அம்மா தம்பியைத் தட்டிக்கொண்டே மாமாவைத் திட்டுவாள், அதிகாரியைத் திட்டுவாள், காலில் பாய் தடுக்கினால் பால்காரரையும் சேர்த்துத் திட்டுவாள். ஆனால் சோறு வடிக்கும்போது அவருக்கும் சேர்த்துத்தான் வடிப்பாள்.

செவலை அப்போது நிறைசினை. ஒரு விடியலில் பால்காரர் கொட்டகைக்குப் போனபோது அது ஈன்று முடிந்திருந்தது. கன்றின் மூக்கை மூடியிருந்த சவ்வை எடுத்துவிட ஆளில்லை. செவலையைக் கட்டியிருந்த கயிறு குட்டை. திரும்பி நக்கவும் முடியவில்லை. புதுச் சிமெண்டுத் தரையில் கன்று செத்துக் கிடந்தது.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பால்காரர் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பெரிய ஆண்பிள்ளை ஒருவர் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. மாடும் கத்தியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மாமா அம்மாவைப் பார்த்து, "திருப்தியா? மேல ஆள் இருந்திருந்தா இது நடந்திருக்குமா? ஒரு பனியன காட்டிக் குடுத்து ஒரு உசிர வாங்கிட்டியே!" என்று கத்தினார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா பால்காரர் பக்கம் திரும்பினார். "இன்னிக்கே பலகைய மேல போட்டுக்க. ஆபீசர் வந்தா நான் பாத்துக்கறேன் லா. மாட்ட விட்டுட்டு ஒன்னாலயும் இருக்க முடியாது, எனக்குத் தெரியும்."

பால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம் முதலாளி" என்றார்.

"என்னது?"

"அந்தப் பரண்ல காலு நீட்ட முடியாதுங்க. மூட்டை போக மிச்ச எடத்துல மொடங்கித்தான் கெடக்கணும். கீழருந்து மூத்தர ஆவி கண்ணக் கரிக்கும். ஒன்பது வருசம் கெடந்துட்டேன். சினை மாடு இருந்தா சொல்லுங்க, ராவெல்லாம் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன். ஆனா படுக்கறதுக்கு அங்க ஏற மாட்டேன்."

"மாட்டு மேல உசிரா இருக்கிற மாதிரி இவ்வளவு நாளும் நடிச்சியா?"

பால்காரர் செவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து நீளமாக்கிக் கட்டினார்.

மாமா பல நாள் குதித்தார். வேறு ஆள் தேடினார், அகப்படவில்லை. அதிகாரி திரும்பி வரப்போகிறார் என்று காதில் விழுந்த பிறகுதான், முணுமுணுத்துக்கொண்டே கொட்டகையை ஒட்டி ஒரு தகரக்கூரை அறை போட்டுக்கொடுத்தார். ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு கட்டில். பால்காரர் அங்கே பல வருஷம் இருந்தார். அடுத்த சினைக்குச் செவலை போட்ட கிடேரிக் கன்று நன்றாகப் பிழைத்தது. "சட்டம் கேட்ட அறைய என் கைக்காசுல போட்டுக் குடுத்தேன்" என்று மாமா கடைசிவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் கன்று செத்த அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு நாளும் நடித்தாயா என்று மாமா கேட்டது சரியான கேள்வி என்றுதான் நினைத்தேன். அன்று மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, பால்காரர் எங்கள் நடையில் கால்களை வாசல்வரை நீட்டி, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் தாண்டி வரும்படி அம்மா ஜாடை காட்டினாள். காலையில் அவ்வளவு அழுத மனிதருக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேண்டுமென்றே கதவை அறைந்து சாத்தினேன். அவர் விழிக்கவே இல்லை.