பத்தாவது சிவப்புச் சீட்டு

செவ்வாப்பேட்டையில் எங்கள் வீட்டைக் கட்டியபோது பின்னால் இருக்கும் அறைக்குப் படுக்கையறை என்றுதான் பெயர். நாளடைவில் அது சாமான் ரூம் ஆகிவிட்டது. "உள்ள ஒரு ஆளு போவணும்னா ஒரு பீரோ வெளிய வரணும்" என்பார் என் வீட்டுக்காரர். போன வாரம் மகள் ஒரு முடிவுக்கு வந்தாள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையாம், மேசை போட இடம் வேண்டுமாம். அறையை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று யாரோ ஒரு அம்மாள் சொல்லிக்கொடுக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒட்டுக் காகிதமும் ஸ்கெட்ச் பேனாவுமாக வந்து நின்றாள்.

"மூணு கும்பலாப் பிரிக்கணும்மா. வெச்சிக்கிறது, குடுத்துடறது, தூக்கிப் போடறது. ஒவ்வொண்ணுலயும் யாருதுன்னு பேர் எழுதி ஒட்டணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வித்தைக்கு ஒரு காலத்தில் மேடையேறிப் பரிசு வாங்கியவள் நான். அந்த அறையைப் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். உபதேசம் எப்போதுமே ஊருக்குத்தானே.

மூன்று மிக்ஸி மூடிகள் கிடைத்தன, ஒன்றுக்கும் ஜாடி இல்லை. காற்றுப் போன கூடைப்பந்து, என்றோ கழற்றிய ஜன்னல் கம்பி, யார் கல்யாணத்துக்கோ வாங்கிக் கொடுக்க மறந்த சுவர்க் கடிகாரம். கடிகாரத்துக்கு அடியில் ஒரு கறுப்பு டேப் சுருள். அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனது என் தப்புதான். அந்த ரப்பர் வாசனை என்னைக் கையோடு கும்மிடிப்பூண்டிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி அது. சற்றே சாய்த்து நிறுத்திய பெரிய போர்டு, அது நிறைய முளைகள். முளைக்கு முளை ஒயரை இழுத்து மாட்டி, ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். வரிசையில் நாங்கள் எல்லாருமே பெண்கள், எல்லாருமே டிரெய்னி. திருவள்ளூரில் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறுவோம். எனக்குப் பக்கத்து இடம் ஸ்டெல்லாவுக்கு. கடம்பத்தூர்க்காரி. முதல் ரயிலைப் பிடித்து வந்து, தலை காயாமல் பஸ்ஸில் ஏறி, ஊத்துக்கோட்டை வரும்வரை என் தோளில் தூங்குவாள். என் யூனிஃபாரத்தில் பாதி நாள் அவள் தலையெண்ணெய்தான் மணக்கும்.

ஸ்டெல்லா குள்ளம். போர்டின் மேல்வரிசை அவளுக்கு எட்டாது. பேக்கிங் கட்டைகளைச் சேர்த்து ஆணியடித்துத் தனக்கென்று ஒரு பலகை செய்து வைத்திருந்தாள். அதன்மேல் ஏறி நின்றுவிட்டால் அவள் கைவேகத்துக்கு எங்களில் ஒருத்தியும் ஈடில்லை. அவள் வீட்டில் கூரைக்குக் கீழே நின்று வேலை பார்த்த முதல் ஆள் அவள். "பர்மனென்ட் மட்டும் ஆவட்டும்டி. இனிமே களையெடுக்கப் போவாதேன்னு எங்கம்மாவாண்ட சொல்லிடுவேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்!

அந்தக் கம்பெனியில் சுத்தம்தான் சாமி. காலையில் ஐந்து ஜப்பான் வார்த்தைகளைக் கூட்டமாக நின்று ஒப்பிப்போம். அர்த்தம் தெரியாது, மந்திரத்துக்கு அர்த்தம் யார் கேட்டார்கள்? வேலையிடத்தில் வேண்டாத பொருள் எது கிடந்தாலும் சிவப்புச் சீட்டு எழுதி, ஒரு பாதியை ரிஜிஸ்டரில் ஒட்டி, மறுபாதியைப் பொருளில் கட்டி, மஞ்சள் கோடு போட்ட சதுரத்தில் வைத்துவிட வேண்டும். மூன்று நாளில் உரியவர் வந்து கேட்காவிட்டால் ஸ்கிராப் வண்டி ஏறிவிடும். நாங்களா சளைத்தவர்கள்? சுத்தத்தைச் சோதிக்க ஆடிட் வருகிறது என்று காதில் விழுந்ததுமே மாதா படம், ஹேர்பின் டப்பா, ஸ்டெல்லாவின் பலகை எல்லாம் பாத்ரூமுக்குக் குடிபோய்விடும். ஆடிட் பண்ண வருகிற ஆண்கள் அங்கே எப்படி வருவார்கள்?

இந்தச் சுத்தத்துக்கு எங்கள் வரிசையில் நான்தான் லீடர். ஒரு முறை ஆடிட் சமயத்தில் ஸ்டெல்லாவின் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். லீவு போடும்போது, "என் பலகையப் பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்துச் சீட்டுப் போட்டால்தான் முழு மார்க். என் கணக்கில் ஒன்பதுதான் தேறியது. பாத்ரூமிலிருந்து பலகையை நானே தூக்கிக்கொண்டு வந்து பத்தாவது சீட்டைக் கட்டினேன். ஆடிட் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. சீட்டில் 'உரியவர்' என்று ஓர் இடம் இருந்தது. 'தெரியவில்லை' என்று எழுதினேன். அப்புறம்தான் உறைத்தது: திருப்பிக் கேட்டால், தெரிந்தே ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார்கள், மார்க்கும் போகும். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். மூன்றாம் நாள் ஸ்கிராப் வண்டி வந்துவிட்டது.

எங்கள் வரிசைக்கு முதல் பரிசு. லீடருக்கு ஒரு ஹாட்பாக்ஸ். அன்றைக்குத்தான் ஸ்டெல்லா லீவு முடிந்து வந்திருந்தாள்.

"என் பலகை எங்கடி?"

"ஸ்கிராப்ல போயிடிச்சாம்."

"யாருடி சீட்டுப் போட்டது?"

"தெரியல."

சாயங்காலம் பஸ்ஸில் என் மடியில் ஹாட்பாக்ஸ், பக்கத்தில் ஸ்டெல்லா. "அழகா கீதுடி" என்று மூடியைத் தடவிப் பார்த்தாள்.

வேறு பலகை செய்துகொள்ள அவளை விடவில்லை. பரிசு வாங்கிய வரிசையாயிற்றே! நுனிக்காலில் நின்று வேலை செய்தாள். மேல்வரிசைக் கிளிப்புகள் சரியாக உட்காரவில்லை. "இன்னா ஸ்டெல்லா, தெனம் உன் போர்டுலயே ரிஜெக்ட் வருது?" என்று சூப்பர்வைசர் வரிசைக்கே கேட்கும்படி கத்துவார். நான் குனிந்து டேப் சுற்றிக்கொண்டிருப்பேன். பர்மனென்ட் லிஸ்ட் ஒட்டியபோது என் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை.

கடைசி நாள் திருவள்ளூரில் இறங்கும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "சீட்டோட பாதி ரிஜிஸ்டர்ல ஒட்டிக்கினு இருந்திச்சி. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதாடி?" குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஸ்டேஷன் பக்கம் விறுவிறுவென்று நடந்துபோய்விட்டாள்.

"யம்மா, இது இன்னா, பிரிக்காமலே வெச்சிக்கினு கீற?" மகள் பீரோவுக்குப் பின்னாலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இழுத்து, தூசி தட்டித் திறந்தாள். ஹாட்பாக்ஸ் அப்படியே புதுசாக இருந்தது. ஒரு நாளும் அதில் சோறு வைக்க எனக்கு மனசு வந்ததில்லை. தூக்கிப் போடவும் வரவில்லை.

"யாருது இது? பேர் சொல்லு, எழுதணும்."

தெரியல என்ற சொல் பழக்கதோஷத்தில் தொண்டை வரைக்கும் வந்தது.

"ஸ்டெல்லாவோடது" என்றேன்.

"யாரும்மா ஸ்டெல்லா?"

ஸ்கெட்ச் பேனாவை அவளிடமிருந்து வாங்கி நானே எழுதி ஒட்டினேன். மூன்று கும்பலில் எதில் வைப்பது என்று அவள் கேட்டாள். நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கோடவுன் நிற்கிறது. திருவள்ளூரிலிருந்து போன அந்த பஸ்ஸும் இல்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை கடம்பத்தூருக்குத் தேடிப் போனேன்; அவர்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள், எங்கே என்று பக்கத்து வீட்டாருக்கும் தெரியவில்லை. உரியவர் பெயரை இப்போது சரியாக எழுதிவிட்டேன். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் விலாசம் இல்லை.