ஸ்டியரிங்கின் சூடு யாருக்குச் சொந்தம்?

போன சனிக்கிழமை ஒரு கார் கராஜுக்குப் போனேன். கையில் என் பிறப்புச் சான்றிதழ் இருந்தது.

சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. கலியாணச் சான்றிதழ், வீட்டுக் கரண்ட் பில், சம்பளத் துண்டுகள்... எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள். கராஜுக்கு எதற்கு இதெல்லாம்? என் மகள் அபியும் வாசலில் வைத்து அதைத்தான் கேட்டாள்.

“அப்பா, காருக்கு அகதி அந்தஸ்து கேக்கப் போறியளோ?”

அவள் கேட்டது பிரெஞ்சில். தமிழில் எழுதும்போது கொஞ்சம் மரியாதை கூடிவிட்டது.

முதலில் இருந்து சொல்கிறேன். எங்களிடம் இருப்பது செகண்ட் ஹாண்டாக வாங்கிய ஹைபிரிட் கார். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டரும் உண்டு. வாங்கிய அன்று பாரிஸில் ரூ பஜோல் தெருவில் உள்ள கோயிலடியில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினோம். சத்தமே இல்லாமல் கார் நகர்ந்ததில் ஐயர் துள்ளி ஒதுங்கினார்!

காரை ஓட்டுவது நான் அல்ல. உங்கள் கலா அன்ரி, அதாவது என் மனைவி. பாரிஸை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஒரு குளிரறையில் நாள் முழுக்க இறால் பெட்டி அடுக்குகிற வேலை. இரண்டு சோடி கையுறை போட்டாலும் வேலை முடியும்போது விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும். கோட்டுப் பொத்தானைப் பூட்டக்கூட முடியாது. டொக்டர் சொல்லிவிட்டார்: வெளியே வந்த உடனேயே கையைச் சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வேலையை விட வேண்டும்.

வேலையை விடுவதா? கலாவிடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

ஆனால் வீட்டுக்கு வரும் வழிதான் பயம். “ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிறனா இல்லையா எண்டு கண்ணாலை பாத்துத்தான் எனக்குத் தெரியுது” என்று ஒருநாள் சொன்னார். அன்று ரவுண்டபோட்டில் கை வழுக்கி, கார் நடைபாதை விளிம்பில் ஏறியிருக்கிறது.

காரில் ஹீற்றர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் எஞ்சின் சூடாகி, அந்தச் சூடு உள்ளே வருவதற்குள் வீடு வந்துவிடும்.

இனித்தான் கதை. ஸ்டியரிங்கின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். அதன் மேல் ஸ்டியரிங் படம், படத்தில் ஆவி பறக்கிறது. அதாவது ஸ்டியரிங்கையே சூடாக்கலாம்! அமத்தினேன். திரையில் ஒரு வாசகம் வந்தது: இந்தச் சேவை உங்களுக்கு இல்லை, வாங்க விருப்பமா?

விசாரித்துப் பார்த்தால், சூடாக்கும் கம்பி தொழிற்சாலையிலேயே உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. முதல் சொந்தக்காரர் மாதாமாதம் காசு கட்டி அதைப் பாவித்திருக்கிறார். அவர் நிறுத்தியதும் கம்பனி எங்கேயோ இருந்துகொண்டு பூட்டிவிட்டது.

“கட்டினால் என்ன?” என்று நான் கேட்டேன். நான் அப்படித்தான்.

“வாங்கின றைஸ் குக்கர், சோறு அவிக்க மாசக் காசு கேட்டால் குடுப்பியளோ?” என்றார் கலா.

போனை எடுத்து வீடியோ தேடத் தொடங்கினேன். நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் வீடியோ பார்க்கப் பட்டம் வேண்டுமா என்ன? ஸ்டியரிங்கின் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், மெக்கானிக்மார் கம்ப்யூட்டர் மாட்டுகிற ஒரு சொக்கற் இருக்கும். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, போனோடு இணைத்தேன். வீடியோவில் காட்டியபடி ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். பழைய நிலையை முதலில் படம் எடுத்து வைத்தேன். பிறகு ஸ்டியரிங் சூட்டுக்கு நேரே இருந்த ஒரு பூச்சியத்தை ஒன்றாக மாற்றினேன்.

அவ்வளவுதான். ஒரு பூச்சியம்!

கலா சூடேறிய ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றிக் கையால் தடவினார். பிறகு மெதுவாக, “இஞ்சருங்கோ... இதையோ பூட்டி வைச்சிருந்தவங்கள்?” என்றார்.

குளிர்காலம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. வருடாந்த சேர்விசுக்குக் காரைக் கம்பனியின் கராஜில் விட்டோம். திரும்பி வந்தபோது ஸ்டியரிங் ஐஸ். போன் பண்ணிக் கேட்டால், “அனுமதி இல்லாத மாற்றத்தை நீக்கிவிட்டோம்” என்றார்கள்.

அதனால்தான் சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். அதனால்தான் அந்த பிளாஸ்டிக் உறை.

ஒரு கவுண்டரைக் கண்டால் என் முதுகு தானாக வளையும். பொபினி அரசாங்க அலுவலகத்தில் விசா வரிசையில் நின்று பழகிய முதுகு அது. கவுண்டரில் இருந்தவர் கேட்கும் முன்பே சான்றிதழ்களை அடுக்கத் தொடங்கிவிட்டேன். அவர் என் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

“ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கம்பி என்னுடையதுதானே முசியு?”

“கம்பி உங்களுடையது முசியு. அது சூடாகிற வசதிதான் உங்களுடையதல்ல.”

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, அபியிடம் திரும்பி மெதுவாக இன்னொரு முறை சொன்னார். விளங்காதது பிரெஞ்சு அல்ல ஐயா!

மறுபடி திறந்தால் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுத வேண்டிவரும், பெரிய பற்றரிக்கான கரன்ரி, அதாவது கம்பனி தந்த உத்தரவாதம், போய்விடும் என்றார். ஹைபிரிட் காரில் அந்தப் பற்றரிதான் உயிர். என் வாய் “உய் முசியு”, அதாவது “ஆம் ஐயா”, என்று சொல்லத் திறந்துவிட்டது.

பின்னால் கதிரையில் கலா, கைகளைக் கக்கத்துக்குள் வைத்தபடி இருந்தார். எழும்பி வந்தார்.

“அவரிட்டைக் கேளுங்கோ, என்ரை விரலுக்கு எத்தினை வருசம் கரன்ரி எண்டு.”

நான் தயங்கினேன். அபி தயங்கவில்லை. ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். அவர் முகம் சிவந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. “இது சட்டத்துக்கு விரோதமா முசியு?”

“சட்டம் என்று இல்லை... கம்பனியின் கொள்கை.”

பிள்ளைகளே, என் முதுகு நிமிர்ந்த சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். இது அரசாங்கம் இல்லை. கடை!

“மெர்சி” என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். கராஜின் கண்ணாடிச் சுவருக்கு நேரே எங்கள் கார். அதற்குள் ஏறியதும் எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

“பற்றரி பழுதாப் போனால் என்ன செய்யிறது கலா?”

“பற்றரி போனால் பிறகு பாப்பம். விரல் இப்ப போகுது.”

“அப்ப சரி. வீட்டை போய்ச் செய்வம்.”

“ஏன் வீட்டை? நாங்கள் என்ன களவே எடுக்கிறம் ஒளிக்கிறதுக்கு? இஞ்சையே செய்யுங்கோ.”

செய்தேன். பட்டப்பகலில், கண்ணாடிக்குப் பின்னால் அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியைச் செருகி, பூச்சியத்தை ஒன்றாக்கினேன். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். குறிப்பாகத்தான் இருக்கும். எழுதட்டும். கலா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முதலில் பெருவிரல் நிறம் மாறியது, பிறகு மற்ற விரல்கள். அதற்குப் பிறகுதான் காரை எடுத்தார்.

“வந்த நாட்டில் ஏன் சோலி?” என்று சொந்தக்காரர்கள் இந்த வாரம் முழுக்கக் கேட்கிறார்கள். சட்டத்துக்கு நான் தலை குனிவேன், நீங்களும் குனியுங்கள். பிரேக், ஏர்பாக், பெரிய பற்றரியின் மின்சாரம் ஓடும் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர், இவற்றில் நான் கை வைக்க மாட்டேன். அவை உயிரோடு விளையாடுகிற இடங்கள். நீங்களோ, அப்பா அம்மாவின் காரில் எதிலுமே கை வைக்கக் கூடாது! ஆனால் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் எல்லாம் அரசாங்கம் இல்லை. இதை அறிய எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. உங்களுக்கு ஏன் அவ்வளவு காலம்? “இது சட்டமா, உங்கள் விருப்பமா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

அடுத்த சேர்விசுக்கும் அதே கராஜுக்குத்தான் போவோம். பூட்டட்டும். அவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள்தான் கார் கையில் கிடைக்கும்... மிச்ச நாளெல்லாம் அது கலாவின் கையில்!