நோன்பு மாதத்தில் என் மதியச் சோறு

ராத்தாவின் பிரிட்ஜில், முட்டை வைக்கும் தட்டின் ஓரத்தில்தான் என் இன்சுலின் குப்பி நின்றது. முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல் ராத்தா என்று நான் அழைத்தது, கட்டுகஸ்தோட்டையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவை. அவரும் கணவரும் கீழே இருந்தார்கள். மாடி அறையில் நான் தனியே. என் கணவருக்கு யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை. போரால் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. அவருடைய கடிதம்கூட எப்போதாவதுதான் வந்து சேரும்.

ஏழாம் மாதத்தில், கர்ப்பத்தால் எனக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று பேராதனை கிளினிக்கில் சொன்னார்கள். சோற்றைக் குறைத்தேன், குரக்கன் என்ற கேழ்வரகு ரொட்டிக்கு மாறினேன். அப்படியும் இறங்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஊசி போடச் சொன்னார்கள். போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று தாதி இரண்டு தடவை சொன்னார். பக்கத்து வாங்கில் இருந்த பெண்களோடு தாயோ தமக்கையோ வந்திருந்தார்கள். "வீட்டில ஆர் பார்க்கிறது?" என்று தாதி கேட்டதற்கு, "ஆக்கள் இருக்கினம்" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுத் தனியே பஸ்ஸுக்கு நடந்தேன்.

அதற்குள் நோன்பு வந்தது. நான் படிப்பித்த முஸ்லிம் பாடசாலைக்கு விடுமுறை. பகல் முழுதும் பேச ஆளில்லை. மதியம் ஊசி எடுக்கக் கீழே போனால், உதடு காய்ந்த ராத்தா ஓதிக்கொண்டிருப்பார். அவர் முன்னால் சாப்பிட எனக்குக் கூசியது. ஊசியைப் போட்டுக்கொண்டு சோற்றுக் கோப்பையோடு மேலே வந்துவிடுவேன். தனியே இருந்தால் சோறு இறங்காது.

ஒரு நாள் இரண்டு வாயோடு மூடிவைத்துவிட்டுப் படுத்தேன். சற்று நேரத்தில் கை நடுங்கத் தொடங்கியது. சட்டை வியர்வையில் ஊறிப்போனது. ஊசி போட்டும் சாப்பிடாததில் சீனி அடியோடு இறங்கியிருந்தது. எழும்பப் பார்த்தேன், கோப்பை சரிந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் ராத்தா ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பி இறங்கிப்போய்ச் சீனித்தண்ணி கரைத்து வந்தார்.

"எனக்குச் சீனி கூடாது ராத்தா."

"இப்ப குடிங்க டீச்சர். பொறகு பேசலாம்."

நடுக்கம் அடங்கிய பிறகு கேட்டார்: "ஏன் தின்னல்ல?"

"நீங்கள் நோன்போட இருக்கேக்க, இந்த வீட்டில நான் எப்பிடி..."

"நான் நோம்பு புடிக்கிறது அல்லாஹ்வுக்கு. ஒங்கள பட்டினி போட இல்ல. நாளைலருந்து கீழ வந்து என்ட கண்ணுக்கு முன்னால தின்னுங்க."

அப்படியே நடந்தது. தண்ணீர்கூடக் குடிக்காத ஒரு பெண், நான் கடைசிப் பருக்கையை எடுக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். பெரும்பாலும் பேச மாட்டார். நான் கை கழுவியதும் தொழ எழுந்துவிடுவார். அதன் பிறகு பின்னேரம் மிக நீளமாகப் போகும். வயிற்றில் பிள்ளை அசைவதைச் சொல்லக்கூட ஆளில்லாமல் மகாவலி ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெருநாள் கழிந்த மறுநாளே மகள் பிறந்தாள். சீனி இறங்கிவிட்டது, இனி ஊசி வேண்டாம் என்றார்கள். எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய செய்தி. வீட்டுக்கு வந்த பிறகுதான், இனிக் கீழே போக எனக்கு ஒரு காரணமும் இல்லை என்பது விளங்கியது. மேலேயே இருந்தேன். மூன்றாம் நாள் மதியம் படியடியில் ராத்தாவின் குரல் கேட்டது.

"டீச்சர், ஊசி நின்டா சோறும் நின்டுடுமா? புள்ளயத் தூக்கிட்டு வாங்க."

போனேன். மகளை மடியில் வாங்கிக்கொண்டு ராத்தாவும் ஒரு கோப்பையை எடுத்தார். அன்றுதான் முதல் தடவையாக இருவரும் சேர்ந்து மதியச் சோறு சாப்பிட்டோம். அடுத்த மாதம் கணவருக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்தது, நாங்கள் போய்விட்டோம். ராத்தாவை அதன் பிறகு நான் காணவில்லை.