வீடியோ கேம் கடையில் ஓர் ஏணை

வீடியோ கேம் கடை நடத்த முதல் தகுதி, எதுவும் காதில் விழாத காது. எனக்கு அது இல்லை. வகுப்பில் குண்டூசி விழுந்தாலும் "யாரது?" என்று திரும்பும் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். கணவருக்கு விழுப்புரத்தில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. எங்கிருந்தோ ஒரு டிவி கேம் பெட்டியைக் கொண்டுவந்தார். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், கறுப்பு வெள்ளை டிவியோடு அதை மாட்டினார். "நீ சும்மா உட்கார்ந்திருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். கைக்குழந்தையோடு கடையில் 'சும்மா' உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, அந்தச் சொல்லின் கனம் உங்களுக்குத் தெரியும்.

கடிகாரத்தின் மேல் புகார்

ஒரு ஆட்டம் அரை மணி நேரம். சண்டை வராமலிருக்க டிவி மேல் ஒரு அலாரம் கடிகாரம் வைத்திருந்தேன். அடித்தால் எழுந்துவிட வேண்டும், அப்பீல் கிடையாது.

ஒருநாள் ஓமந்தூரிலிருந்து ஒரு விவசாயி, டியூஷனுக்கு மட்டம் போட்ட மகனைத் தேடி வந்தார். தோளில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, கண்ணில் கோபம். அடி விழப்போகிறது என்று நான் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தேன். எங்கள் வீடு முருகனைக் கும்பிடும் வீடுதான்; ஆனால் பயம் வந்தால் என் வாயில் கான்வென்ட் ஜெபம்தான் வரும். அவரோ டிவியையே பார்த்தபடி நின்றார். "டேய், அந்தாண்ட கப்பல்ல வர்றான் பாரு! சுடுடா!" என்றார். மூட்டை இறங்கியது. அவரும் குந்தினார். மகனை எழுப்பிவிட்டு, கப்பலைச் சுடும் ஆட்டப் பிடியை அவரே வாங்கிக்கொண்டார். அலாரம் அடித்ததும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"உன் கடியாரம் ரொம்ப ஜல்தியா ஓடுதும்மா. ரிப்பேருக்குக் குடு. அதுவரைக்கும் நான் இன்னொரு தபா ஆடிக்கினு இருக்கேன்."

நல்ல பிள்ளை

ஏழு மாதக் குழந்தை என் மகள். டிவிக்குப் பக்கத்திலேயே உத்திரத்தில் ஏணை கட்டி, பழைய புடவையில் அவளைப் போட்டிருப்பேன். குண்டு வெடிக்கும், பிள்ளைகள் கத்துவார்கள், பிடியைத் தரையில் அடிப்பார்கள். அவள் தூக்கத்தில் அசையவே மாட்டாள். கடை மூடிய பிறகுதான் அழுகை. வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். பகலில் மட்டும் தங்கம். வருகிறவர்கள் எல்லாரும் "என்னா நல்ல புள்ள!" என்பார்கள். நானும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தேன்.

பக்கத்து வீட்டுக் கமலாக்கா ஒருநாள் ஏணைக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"பட்டாசு வெடிக்கிற மாதிரி சத்தம், புள்ள கண்ணு கூட தொறக்கல. காது கேக்குதான்னு பார்த்தியா பொண்ணே?"

கண்ணை மூடிக்கொண்டு

அன்றே கடைச் சத்தத்துக்கு நடுவில் சோதித்துப் பார்த்தேன். ஏணைக்குப் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டேன். அசையவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. ராத்திரி அமைதியில் சோதித்துப் பார்க்கலாமே என்பீர்கள். ராத்திரி முழுக்க வீறிட்டு அழுகிற பிள்ளையிடம் எதைச் சோதிப்பது? வியாழக்கிழமை விழுப்புரத்துக் காது டாக்டரிடம் போவதென்று முடிவு செய்தேன். கணவரிடம் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று பயம்.

என் கடைக்கு வரும் ஒரே பெண் பிள்ளை செல்வி. ஆறாம் வகுப்பு. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சண்டை ஆட்டம்?" என்று பையன்கள் சீண்டினார்கள். அவள் ரிப்பனை அவிழ்த்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடினாள். கப்பல் நெருங்க நெருங்க டுப் டுப் சத்தம் வேகமாகும். அதைக் கேட்டே சுட்டாள். "எப்படிடி?" என்றேன். ரிப்பனைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள்.

"காதுதான் அக்கா ஆடுது. கை சும்மா அது பின்னாடி போவுது."

நான் ஏணைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கரண்ட் போனது

புதன்கிழமை சாயங்காலம். ஓமந்தூர்க்காரருக்கும் செல்விக்கும் போட்டி. முன்னறை கொள்ளாத கூட்டம், காது கிழியும் கூச்சல். செல்வி ஜெயிக்கும் நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி, டிவி, பிள்ளைகள் எல்லாம் ஒரே நொடியில் ஓய்ந்தன.

அந்த நொடியில் ஏணைக்குள்ளிருந்து வீறிட்டு ஓர் அழுகை.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அப்போது டிவி மேலிருந்த அலாரம் அடித்தது. என் மகள் அழுகையை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்பி, கடிகாரத்தைத் தேடிப் பார்த்தாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். "கேக்குது, இவளுக்குக் காது கேக்குது" என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

ஓமந்தூர்க்காரருக்குப் புரிந்துவிட்டது. "அட, இதுக்கா பயந்துக்கினு இருந்த? நானும் கழனியில மோட்டார் கொட்டாயிலதான் படுப்பேன். மோட்டார் ஓடுற வரைக்கும் பொணம் மாதிரி தூங்குவேன். நின்னா அந்த செகண்டே எழுந்து குந்திக்குவேன். உன் பொண்ணும் மோட்டார் கொட்டாய்ப் புள்ளம்மா!" என்றார். கமலாக்கா தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். கரண்ட் வந்தது. டுப் டுப் ஆரம்பித்ததும் என் மகளின் கண்கள் சொக்கின. ஓமத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். எத்தனை நாள் இதை வீணாகக் குடித்தாள், பாவம்!

செல்வி மட்டும் ஸ்கோர் அழிந்துபோன டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்குக் காது கேக்குது, சரிக்கா. நான் ஜெயிச்சேனே, அதை யாரு கேப்பாங்க?"

ஊருக்கு அரை மணிக் கணக்கில் விற்கும் டுப் டுப் சத்தத்தை, இதை எழுதும் இந்த ராத்திரியிலும், என் மகள் தூங்குவதற்காக அலாரம் வைக்காமல் ஓடவிட்டிருக்கிறேன்.